இந்தியா–மியான்மர் எல்லையில் விசா இல்லாத நடமாட்டத்தை நிறுத்தி வேலி போடுவது சரியா?

மணிப்பூர் எல்லையில் இருக்கும் மோரேதான் நான் பிறந்து வளர்ந்த ஊர். இப்போது சென்னையில் இருக்கிறேன். என்னைப் பொறுத்தவரை வேலியை மட்டும் நம்புவது தவறு. ஏன் என்று சொல்கிறேன்.

மோரேயில் தமிழர்கள் எப்படி வந்தார்கள் என்று பலருக்குத் தெரியாது. 1962-ல் பர்மாவில் (இன்றைய மியான்மர்) நே வின் ராணுவ ஆட்சி வந்தது. கொஞ்ச நாளில் கடைகண்ணியெல்லாம் அரசுடைமை ஆயிற்று. கப்பலேறி மெட்ராஸ் வந்த குடும்பங்களில் எங்கள் ஆயா குடும்பமும் ஒன்று. கேம்ப் வாழ்க்கை ஒத்துவராமல், பர்மாவுக்கே போய்விடுவோம் என்று சிலர் தரைவழியாகக் கிளம்பினார்கள். எல்லையில் உள்ளே விடவில்லை. திரும்பவும் வழியில்லாமல் மோரேயிலேயே குடிசை போட்டார்கள். தமிழ்ச் சங்கம், அங்காள பரமேஸ்வரி கோயில் எல்லாம் பிறகு வந்தவை.

எல்லையை ஒட்டி இரு பக்கமும் 16 கிலோமீட்டருக்குள் வாழும் மலைவாழ் மக்கள் விசா இல்லாமல் போய்வரலாம் என்பதுதான் பழைய ஏற்பாடு. எங்களைப் போன்றவர்களுக்கு எல்லை கேட்டில் ஒரு நாள் பாஸ். அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கத்து ஊரான தமுவுக்குப் போய், கேட் மூடுவதற்குள் திரும்பிவிட வேண்டும். பர்மா நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அதற்காகவே எங்கள் கடையில் இரண்டு கடிகாரம் மாட்டியிருந்தார் அப்பா.

கொரோனா வந்த 2020-ல் கேட் மூடியது. அடுத்த ஆண்டே அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2022-ல் அம்மா இறந்தார். தமுவில் அவருக்கு ஒரு பர்மியத் தோழி. சிறு வயதிலிருந்தே பழக்கம், திருவிழா தவறாமல், பர்மியப் பெண்கள் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்தான தனகா பூசிக்கொண்டு வந்துவிடுவார். ஐந்தாறு கிலோமீட்டர் தூரம்தான். அவர் வரவில்லை. காட்டுப் பாதையில் வந்திருக்கலாம், வந்தவர்கள் எத்தனையோ பேர். "பாஸ் இல்லாமல் பிடிபட்டால்?" என்று பயந்துவிட்டார். வீடியோ காலில் அம்மாவின் முகத்தைப் பார்த்து அழுதார்.

இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். சட்டத்துக்குப் பயந்தவர்தான் கேட்டுக்கு வருவார். போதைப்பொருளும் துப்பாக்கியும் கடத்துகிறவன் கேட் திறந்திருந்த காலத்திலும் பெரும்பாலும் அந்த வழியாக வந்ததில்லை.

அரசின் கவலை பொய் என்று நான் சொல்லவே மாட்டேன். 2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் வெடித்தபோது மோரேயும் எரிந்தது. எங்கள் சொந்தக்காரர்களே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஆயுதம் வருகிறது என்ற பயம் நியாயமானது. 2024 பிப்ரவரியில் உள்துறை அமைச்சர் அமித் ஷா பழைய ஏற்பாட்டை ரத்து செய்வதாக அறிவித்தபோது, உள்நாட்டுப் பாதுகாப்பையும் வடகிழக்கின் மக்கள்தொகை அமைப்பையும்தான் காரணமாகச் சொன்னார்.

ஆனால் எல்லை 1,643 கிலோமீட்டர். பெரும்பகுதி மலை, காடு, ஆறு. நாகாலாந்தின் லோங்வா கிராமத்தில் ஊர்த்தலைவரின் வீட்டுக்குள்ளேயே எல்லைக்கோடு ஓடுகிறது. அங்கே வேலியை எங்கே நடுவது? மிசோரம், நாகாலாந்து சட்டமன்றங்கள் இரண்டுமே எதிர்த்துத் தீர்மானம் போட்டன. மிசோ மக்களுக்கு அந்தப் பக்கத்துச் சின் மக்கள் இரத்த உறவு. ராணுவ ஆட்சிக்குப் பிறகு ஓடிவந்த 30,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அவர்கள்தான் சோறு போட்டார்கள்.

பழைய ஏற்பாட்டை முழுதாக ரத்து செய்யாமல் 2024 டிசம்பரில் வந்த புது விதி எனக்கு ஓரளவு ஆறுதல். தூரம் 10 கிலோமீட்டராகக் குறைந்தாலும், கைரேகை எடுத்து கியூஆர் கோடு போட்ட பாஸ் தருகிறார்கள். ஏழு நாள் தங்கலாம். யார் வந்தார், எப்போது திரும்பினார் என்று அரசுக்கும் தெரியும். வேலிக்கு ஒதுக்கும் கோடிகளில் ஒரு பங்கை இந்தப் பாஸ் கவுன்டர்களுக்கும், சின் மொழியும் பர்மிய மொழியும் பேசத் தெரிந்த ஆட்களுக்கும் செலவழிக்கட்டும். அம்மாவின் தோழிக்கு இப்போது எழுபது வயது. கேட் வழியாக வந்து கோயிலில் விளக்கேற்ற வேண்டும் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.