ஃப்ரீயின் ‘ஹைவே’: பழைய தட்டா, சிடியா?

கேள்வி: ‘ஆல் ரைட் நவ்’ பாட்டைக் கேட்டதிலிருந்து ஃப்ரீ இசைக்குழுவின் மேல் எனக்குப் பைத்தியம். அவர்களுடைய ‘ஹைவே’ ஆல்பத்தின் 1970 இங்கிலாந்து ஒரிஜினல் இசைத்தட்டு என்று ஒருவர் இணையத்தில் 8,000 ரூபாய் கேட்கிறார். நிலை ‘விஜி’ என்று போட்டிருக்கிறது. ‘வெரி குட்’ என்றுதானே அர்த்தம்? அந்த ஆல்பம் அப்போதே ஓடவில்லையாமே, காசுக்குத் தகுமா?

பதில்: ஆல்பத்தை வாங்குங்கள். அந்தத் தட்டை வேண்டாம்.

ஓடவில்லை என்பது உண்மைதான். 1970 ஜூனில் வந்த அவர்களுடைய முந்தைய ஆல்பம் ‘ஃபயர் அண்ட் வாட்டர்’ இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் 2-ம் இடம் பிடித்தது. ஆறே மாதத்தில், டிசம்பரில் வந்த ‘ஹைவே’ 41-ம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. அதிலிருந்து தனிப் பாட்டாக வெளியிட்ட ‘தி ஸ்டீலர்’ சிங்கிள் அங்கே பட்டியலுக்குள்ளேயே நுழையவில்லை. மறு வருடம் குழுவே பிரிந்துபோனது. இன்னொரு ‘ஆல் ரைட் நவ்’ வரும் என்று காத்திருந்தவர்களுக்கு இவர்கள் நிதானமான, அடங்கிய குரலில் ஒன்பது பாட்டுகளைக் கொடுத்தார்கள். பதிவு செய்தபோது நால்வரில் மூத்தவரான டிரம்மர் சைமன் கிர்க்குக்கு 21 வயது. பாஸ் வாசித்த ஆண்டி ஃப்ரேசருக்கு 18! அந்த வயதில் இவ்வளவு பொறுமை எப்படி வந்தது என்று எனக்கு இன்றும் வியப்புதான். பால் காசாஃப் கிட்டாரில் ஒரு சுரத்தைப் பிடித்தால் அது நடுங்கி, கரைந்து அடங்கும்வரை அடுத்ததைத் தொட மாட்டார். ‘பி மை ஃப்ரெண்ட்’, ‘சூன் ஐ வில் பி கான்’ இரண்டையும் பால் ராட்ஜர்ஸ் பாடும் விதத்தைக் கேளுங்கள். என் கணக்கில் இதுதான் அவர்களுடைய சிறந்த ஆல்பம்.

நான் தட்டை வேண்டாம் என்பதும் இதனால்தான். இதன் உயிர் இருப்பது சுரங்களுக்கு நடுவே உள்ள அமைதியில். பழைய தட்டு வியாபாரத்தில் ‘விஜி’ என்றால் பெயர்தான் ‘வெரி குட்’. தேய்மானம் தெரியும், மெதுவான இடங்களிலும் பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் சரசரப்பு கேட்கும் என்று பொருள். இரைச்சலான ராக் ஆல்பத்தில் அது அமுங்கிப் போகும். இதில் ஒவ்வொரு பொரிதலும் காதில் விழும். குறைந்தது அதற்கு அடுத்த மேல்படியான ‘விஜி பிளஸ்’ இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து நிலை போட்டாரா, ஓடவிட்டுக் கேட்டுப் போட்டாரா என்று கேளுங்கள். தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளின் படத்தையும் வாங்கிப் பாருங்கள். ‘ஐ.எல்.பி.எஸ். 9138’ என்ற ஐலண்ட் நிறுவனத்தின் வெளியீட்டு எண் பின்னால் அடித்த தட்டிலும் இருக்கலாம், அதை மட்டும் வைத்து ஒரிஜினல் என்று நம்பிவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வருவதானால் தபால் செலவும் சுங்கவரியும் தனி. வளைந்தோ உடைந்தோ வந்தால் திருப்பி எடுப்பாரா என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள்.

பாட்டுக்காக மட்டும் என்றால் 2002-ல் வந்த சிடியைத் தேடுங்கள். கூடுதல் பாட்டுகளில் ‘மை பிரதர் ஜேக்’ இருக்கிறது. 1971-ல் தனி சிங்கிளாக வந்து 4-ம் இடம்வரை போன பாட்டு அது. பழைய தட்டில் கிடையாது.