இசை ஆசிரியர் இல்லாத தொடக்கப் பள்ளியில், பதிவு செய்த பாடல்களையும் காணொளிகளையும் வைத்தே இசை வகுப்பை நடத்திவிடலாமா?

நடத்தலாம். ஆனால் ஒலிபெருக்கி பாட, பிள்ளைகள் அதனோடு சேர்ந்து கத்துவதையே இசை வகுப்பு என்று கொள்ளக் கூடாது என்பது, சிறு வகுப்புகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவரும் ஆசிரியர் என்ற முறையில் என் உறுதியான கருத்து. பதிவு கேட்பதற்கு உரியது. பாடுவதற்கு உங்கள் குரல்தான் வேண்டும்.

தமிழ்நாட்டின் அரசு தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் இசைக்கென்று தனி ஆசிரியர் கிடையாது. 2022இல், தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்ப்பதற்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின் பாட்டும் ஆட்டமும் அன்றாட வகுப்பின் பகுதியாகிவிட்ட நிலையில், பாடநூலின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பாடலை ஓடவிடுவதே வகுப்பாசிரியருக்கு எளிதாகப் படுவது இயல்பு.

அவ்வாறு ஓடவிடும்போது பிள்ளைகளின் வாயைக் கவனித்துப் பாருங்கள். திரையில் பொம்மைகள் ஆடத் தொடங்கியதும், அதுவரை பாடிக்கொண்டிருந்த பிள்ளை பாட்டை விட்டுவிட்டுப் படம் பார்க்கத் தொடங்கிவிடும். ஒலிபெருக்கியின் சத்தத்தில் யார் பாடவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரிவதில்லை. தான் சுருதி விலகுவது பிள்ளையின் காதுக்கும் எட்டுவதில்லை. பதிவில் பாடியவர் ஆணாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடும்: அவர் குரல் பிள்ளைகளின் குரலுக்கு ஏறத்தாழ ஒரு ஸ்தாயி, அதாவது ஏழு ஸ்வரங்கள் கொண்ட ஓர் அடுக்கு, கீழே நிற்பதால், சிலர் எட்டாத கீழ் ஸ்வரங்களைத் தேடி முனகுவர், சிலர் எந்த ஸ்வரத்திலும் நிற்காமல் வெறுமனே சொற்களை ஒப்பிப்பர். ஆறேழு வயதுப் பிள்ளைகளுக்கு ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் அடங்கும் மெட்டே எளிது. திரைப்பாடல்களில் பல அந்த எல்லையைத் தாண்டுகின்றன. இணையத்தில் கிடைக்கும் குழந்தைப் பாடல்களோ மூச்சு வாங்கவும் இடம் தராத வேகத்தில் ஓடுகின்றன. யூடியூபில் வேகத்தை 0.75 என்று வைத்தால் சுருதி மாறாமல் பாட்டு நிதானப்படும் என்பதால், நீங்கள் மெட்டைக் கற்றுக்கொள்வதற்கு அது நன்றாக உதவும்.

கற்றுக்கொண்டபின் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு வரியை நீங்கள் பாடி, அடுத்து அவர்களைப் பாடச் சொல்லுங்கள். உங்கள் குரல் இனிமையாக இல்லையே என்ற தயக்கம் வேண்டாம். பிள்ளைகள் தடுமாறும் இடத்தில் நின்று, அந்தச் சொல்லை மட்டும் மீண்டும் பாடிக்காட்ட எந்தப் பதிவாலும் முடியாது. பின்னணியாக ஏதேனும் வேண்டுமென்றால் கைப்பேசியிலுள்ள சுருதிப்பெட்டிச் செயலியை மெல்லிய ஒலியில் வைக்கலாம். அது மெட்டைப் பாடிவிடாமல் ஆதார சுருதியை, அதாவது பாட்டுக்கு அடிப்படையான ஒலியை, மட்டும் தாங்கி நிற்பதால், பாடும் வேலை பிள்ளையிடமே இருக்கும்.

பதிவு இல்லாமல் முடியவே முடியாத இடம் ஒன்று உண்டு. அங்கே தாராளமாகப் பயன்படுத்துங்கள். நாகசுரத்தை வகுப்பறைக்கு யார் கொண்டுவர முடியும்? முதலில் படத்தைக் காட்டாமல் ஒரு நிமிட ஒலியை மட்டும் கேட்கச் செய்து, எத்தனை கருவிகள் ஒலிக்கின்றன, எது ஊதுவது, எது அடிப்பது என்று கேளுங்கள். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் கேட்டதாகச் சொல்ல ஒருவரேனும் எழுவார். அதே பகுதியை மறுபடி ஓடவிட்டு, தவிலை மட்டும் தொடர்ந்து கேட்கச் சொல்லுங்கள். அதன்பின் காணொளியைக் காட்டும்போது, தவில்காரர் ஒரு கையில் குச்சியும் மறு கை விரல்களில் கெட்டியான கூடுகளும் கொண்டு வாசிப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அந்த இடத்தில் காணொளியை நிறுத்தினால், இரண்டு பக்கமும் ஏன் வேறு வேறாக ஒலிக்கின்றன என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும். தஞ்சாவூர் மாவட்டத்தில் இருப்பவர்கள், நாகசுரம் செய்வதற்குப் பெயர்பெற்ற நரசிங்கம்பேட்டையையும் இதே பாடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஊர் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

இன்னொரு பயனும் உண்டு. பிள்ளைகள் பாடியதைக் கைப்பேசியில் பதிவு செய்து அவர்களுக்கே போட்டுக் காட்டினால், எந்த வரியில் வேகம் கூடியது, எங்கே ஒருவர் முந்திக்கொண்டார் என்பதை ஆசிரியர் சொல்லாமலே உணர்ந்து, தாங்களாகவே மீண்டும் பாடிப்பார்க்கக் கேட்பார்கள். அந்தப் பதிவை வகுப்புக்கு வெளியே எந்தக் குழுவிலும் பகிர வேண்டாம். வகுப்பில் காட்டவிருக்கும் காணொளியை முதல் நாளே முழுவதும் பார்த்து, கைப்பேசியில் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டின் நடுவே விளம்பரம் புகுந்துவிட்டால், கலைந்த கவனத்தை மீட்பதற்குள் பாடவேளையே முடிந்துவிடும்.