கதிர்வீச்சு முடிந்த வாப்பாவுக்குப் பல் பிடுங்கலாமா?

தங்கச்சி, கல்முனையில் உங்கள் வாப்பாவுக்கு வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு முடிந்து நாலு மாதம், வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது, கஞ்சி குடித்தாலும் புரையேறுகிறது, இந்தக் கிழமை கடைவாய்ப் பல் பிடுங்கப் போகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பல் வேலையை நிறுத்துங்கள். கதிர் பட்ட தாடை எலும்பில் இரத்த ஓட்டம் குறைந்துவிடும், பிடுங்கிய இடம் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம், வருடங்கள் கழிந்தாலும் அந்த ஆபத்து விடாது. சிகிச்சை கொடுத்த புற்றுநோய் டொக்டரையும் வாய் முக அறுவை நிபுணரையும் கேட்காமல் யாரும் கைவைக்கக் கூடாது.

வாய் 35 மில்லிமீட்டர்கூடத் திறக்காவிட்டால் அதை ட்ரிஸ்மஸ் என்பார்கள். தாடைப் பயிற்சியை ஒவ்வொரு நாளும் பல தடவை செய்ய வேண்டும், விட்டால் இன்னும் இறுகும். திடீரென்று இறுக்கம் கூடினாலோ புதுப் புண் வந்தாலோ கிளினிக் திகதி வரை காத்திருக்காதீர்கள், நோய் திரும்பியதா என்று பார்க்க வேண்டும்.

புரையேறுவதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள், சாப்பாடு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள். அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் கேத்ரின் ஹட்சிசன் குழு 2013இல் தொண்டைப் புற்று நோயாளிகளை வைத்து வெளியிட்ட ஆய்வில், கதிர்வீச்சுக் காலத்திலும் வாயால் சாப்பிட்டு விழுங்கல் பயிற்சியும் செய்தவர்கள்தான் பிறகு வழக்கமான சாப்பாட்டுக்கு அதிகம் திரும்பினார்கள். இப்போது தொடங்கினாலும் பலன் கிடைக்கலாம், ஆனால் எது பாதுகாப்பாக இறங்கும் என்று சோதித்துச் சொன்ன பிறகு கொடுங்கள்.

கழுத்தில் கதிர் பட்டிருந்தால் தைரொயிட் இரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். வெற்றிலை பாக்கு வேண்டவே வேண்டாம், புகையிலை சேர்க்காவிட்டாலும்தான். வாப்பாவுக்கு எந்தப் பக்கம் கதிர் கொடுத்தார்கள், நிறை எவ்வளவு குறைந்தது என்று எழுதுங்கள்.