இடியப்பம் அவிப்பவர் தலைவியாகக் கூடாதா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 28. திருகோணமலை, உப்புவெளிப் பக்கம். தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். நான் பெண்களை நேசிக்கும் பெண். வீட்டில் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாலையூற்றில் ஒரு திருநங்கையின் வீட்டுப் பின்விறாந்தையில் எங்களைப் போன்ற ஒன்பது பேர் கூடுவோம். அவரைப் பெரியம்மா என்று அழைப்போம். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பது அவருடைய தொழில். கின்னியாவிலிருந்து வரும் முஸ்லிம் தோழி, சிங்களம் மட்டுமே பேசும் ஒரு தம்பி, இரண்டு திருநம்பிகள் எல்லோரும் எங்களோடு இருக்கிறார்கள். கவிதை வாசிப்போம், பாடுவோம். எங்கள் கதைகளை வைத்துச் சிறிய நாடகம் ஒன்றும் செய்திருக்கிறோம். இப்போது கொழும்பிலுள்ள அமைப்பொன்று நிதியுதவி செய்ய முன்வந்திருக்கிறது. ஒரு தலைவியின் பெயர், குழுவின் படங்கள், திருகோணமலை நகரில் ஒரு பொது மேடையேற்றம் ஆகிய மூன்றும் வேண்டுமாம். எனக்கு ஆங்கிலம் தெரியும், எழுதவும் வரும் என்பதால் என் பெயரைக் கொடுக்கும்படி எல்லோரும் சொல்கிறார்கள். பெரியம்மா "நல்லது பிள்ளை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அடுத்த ஞாயிறு தேத்தண்ணீர் தந்தார், ஆனால் எங்களோடு உட்காரவில்லை. நான் பொறுப்பெடுக்கலாமா? என் கவிதைகளைச் சொந்தப் பெயரில் வெளியிடலாமா? இரண்டு கவிதைகளை இணைத்திருக்கிறேன். — பெயர் வேண்டாம், உப்புவெளி.

பதில்: தங்கச்சி, இடம் போதாததால் உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறோம். சுருக்கியதில் விடுபட்டுப்போன ஒரு பகுதியைப் பற்றித்தான் நான் முதலில் பேச வேண்டும்.

பெரியம்மாவிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருப்பதாக எழுதியிருந்தீர்கள். முன்பக்கத்திலிருந்து இடியப்பக் கணக்கு, பின்பக்கத்திலிருந்து உங்கள் ஒன்பது பேரின் கணக்கு. யாருக்குப் பஸ் காசு கொடுத்தார், யார் திருப்பித் தந்தார். கின்னியாப் பிள்ளை எத்தனை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். திருநம்பித் தம்பி மனநல வைத்தியரை அடுத்ததாக எந்தத் திகதியில் பார்க்க வேண்டும். ஒரு தொலைபேசி இலக்கத்துக்கு நேரே, "இரவில் எடுக்கக் கூடாது, தமையன் எடுப்பான்" என்று சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறதாம். இதையெல்லாம் ஒரு சுவாரசியமான தகவலாகச் சொல்லிவிட்டு அடுத்த பத்தியில் "எங்களுக்கு இதுவரை தலைமை என்று எதுவும் இருந்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். வாசித்ததும் எனக்குக் கோபம் வந்தது, சொல்லிவிடுகிறேன்.

அந்தத் திகதியின் பெறுமதி என்னவென்று யோசித்துப் பாருங்கள். 2016இல் சுகாதார அமைச்சு கொண்டுவந்த நடைமுறைப்படி, பால்நிலை அங்கீகாரச் சான்றிதழுக்கு மனநல வைத்தியரின் கையொப்பம் வேண்டும். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் பிறப்புச் சான்றிதழில் பால்நிலையை மாற்றலாம், அதன் பிறகே அடையாள அட்டை. ஒரு தவணை தவறினால் அந்தத் தம்பியின் வாழ்க்கை மாதக்கணக்கில் பின்தள்ளிப் போகும். அதை நினைவில் வைத்திருந்து, முதல்நாள் ஞாபகப்படுத்தி, பஸ் காசும் கொடுத்து அனுப்புகிற ஒருவர் உங்களிடம் இருக்கிறார். கொழும்பிலிருந்து கடிதம் வந்ததும் உங்கள் எல்லோருடைய கண்ணும் ஆங்கிலம் தெரிந்தவரைத் தேடியிருக்கிறது.

ஆகவே முதல் கேள்விக்கு நேரான பதில்: தலைவியாகப் போகாதீர்கள். கடிதம் எழுதுகிற வேலையை எடுங்கள். அது தேவையான வேலை, உங்களுக்கு நன்றாக வருகிற வேலை. அதை ஒரு வருடம் செய்யுங்கள். அந்த ஒரு வருடத்துக்குள் இன்னும் இருவருக்குக் கற்றுக்கொடுங்கள். ஆங்கிலக் கடிதம் எழுத ஒருவர்தான் இருக்கிறார் என்றால், அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் முடிவெடுப்பவர் அவராகிவிடுவார்.

இந்தச் சிக்கல் உங்களுக்கு முன்பும் பலருக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 1974இல் கறுப்பினப் பெண்கள் சிலர் கொம்பாகீ ரிவர் கலெக்டிவ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். அவர்களில் பலர் பெண்களை நேசித்த பெண்கள். வெள்ளையினப் பெண்களின் அமைப்புகளில் நிறத்தால் ஒதுக்கப்பட்டார்கள், கறுப்பின இயக்கங்களிலோ பெண்கள் என்பதாலும் இந்த நேசத்தாலும். கொம்பாகீ என்பது தென் கரோலினாவில் ஓடும் ஆறு. 1863இல், அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த கறுப்பினப் பெண்ணான ஹரியட் டப்மன் வழிகாட்ட, அந்த ஆற்றங்கரையில் நடந்த படை நடவடிக்கையில் 700க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலை பெற்றார்கள். டப்மனின் பெயரையே குழுவுக்கு வைத்திருக்கலாம். ஒரு வீராங்கனையின் பெயரைவிடப் பலர் சேர்ந்து செய்த செயலின் பெயர் பொருத்தமானது என்று குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான பார்பரா ஸ்மித் கருதினார். அவர்களுடைய 1977ஆம் ஆண்டு அறிக்கையை மூவர் சேர்ந்து எழுதினார்கள். இன்றும் பல்கலைக்கழகங்களில் அது பாடம்.

அதே பார்பரா ஸ்மித் 1980இல், கவிஞர் ஓட்ரி லோர்டின் தூண்டுதலோடு, வெள்ளையரல்லாத பெண்களுக்கென்று ஒரு பதிப்பகம் தொடங்கினார். அதன் பெயர் 'கிச்சன் டேபிள்', அதாவது சமையலறை மேசை. பெண்கள் வேலை செய்வதும் மனம்விட்டுப் பேசுவதும் அங்கேதான் என்பதால் அந்தப் பெயர். பெரிய பதிப்பகங்கள் திரும்பியும் பார்க்காத எழுத்துகளை அச்சிட்டார்கள், துண்டுப் பிரசுரங்களும் போட்டார்கள், தொண்டர்களின் உழைப்பில் வண்டியை ஓட்டினார்கள். உங்கள் விறாந்தையை ஒரு தற்காலிக இடமாக நினைத்து நீங்கள் கூச்சப்படுவது கடிதத்தில் தெரிகிறது. கூச்சப்பட எதுவுமில்லை.

பெரியம்மாவை நினைக்கும்போது எனக்கு அமெரிக்கத் திருநங்கை சில்வியா ரிவேரா ஞாபகம் வருகிறது. நியூயோர்க்கில் 1970இல் அவரும் மார்ஷா பி. ஜோன்சனும் சேர்ந்து, வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட, நம்மைப் போன்ற பிள்ளைகளுக்குத் தங்குமிடம் அமைத்தார்கள். முதலில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த ஒரு லொறிப் பெட்டி, பிறகு ஒரு பழைய வீடு. பிள்ளைகள் தெருவில் உடலை விற்கக் கூடாது என்பதற்காக இவர்கள் இருவரும் தெருவில் நின்று வாடகை கட்டினார்கள். 1973இல் நியூயோர்க்கில், நம்மைப் போன்றவர்கள் உரிமை கேட்டு நடத்தும் பெருமைப் பேரணியின் மேடையில் ரிவேரா ஏறியபோது கூட்டம் ஊளையிட்டது. ஊளையிட்டவர்கள் வெளியார் இல்லை, அந்த இயக்கத்துக்காரர்களேதான். மேடை மரியாதைக்குரியதாகத் தோற்றமளிக்க வேண்டும் என்ற ஆசை வந்ததும், சோறு போட்டவர்கள் கண்ணுக்கு உறுத்தலாகிவிட்டார்கள். உங்கள் குழுவில் யாரும் பெரியம்மாவைப் பார்த்து ஊளையிடவில்லை, உண்மைதான். ஆனால் அவர் ஏன் உள்ளே போனார் என்று யாரும் கேட்கவுமில்லையே.

நீங்கள் கேளுங்கள். ஞாயிறு கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் வேண்டாம், அது அவருக்குச் சங்கடம். ஒரு வேலைநாள் விடியற்காலை, அவர் இடியப்பம் பிழியும் நேரத்துக்குப் போய் உரலைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். "நீங்கள்தான் தலைமை" என்று மாலை போடவும் வேண்டாம். அவருக்கு அந்தப் பதவியில் விருப்பமே இல்லாமலும் இருக்கலாம். பொலிஸ் கெடுபிடியை அனுபவித்த திருநங்கை ஒருவர் தன் பெயர் காகிதத்தில் ஏறுவதை நினைத்து அஞ்சினால் அதில் வியப்பில்லை. என்ன செய்ய விருப்பம், எதைச் செய்யவே மாட்டார் என்று கேட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள்.

இனிப் படங்களும் மேடையும். படம் கொடுக்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. ஒருபால் உறவைக் குற்றமாக்கும், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. ஆங்கிலேயர் எழுதியபோது ஆண்களை மட்டும் குறிவைத்த 365அ பிரிவை, 1995இல் நம் பாராளுமன்றம் பெண்களுக்கும் பொருந்துமாறு திருத்தியது. நீக்கியிருக்கலாம், நீட்டினார்கள். அவற்றை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் அது சட்டமாகவில்லை. அந்தப் பிரிவுகள் தண்டிப்பது செயலைத்தான். ஒன்றுகூடுவதும் கவிதை வாசிப்பதும் அவற்றின்படி குற்றமாகா. ஆனாலும் ஒரு படத்தைக் காட்டி மிரட்டிக் காசு பறிக்க நினைப்பவனுக்கு வழக்குத் தேவையில்லை, அந்தப் பிரிவு உயிரோடு இருந்தாலே போதும். ஒன்பது பேருக்கும் ஆபத்து ஒரே அளவும் இல்லை. உங்களுக்கு வேலை போகலாம். கின்னியாத் தோழிக்கு வீட்டு வாசலே மூடப்படலாம். கைகள், கால்கள், பின்விறாந்தையின் வெற்று நாற்காலிகள் இவற்றைப் படமெடுத்து அனுப்புங்கள். அது போதாதென்றால் அவர்களுக்குத் தேவை வேறு ஏதோ.

பொது மேடைக்கும் அவசரம் வேண்டாம். பொதுமக்கள் முன் நாடகம் போடுவதென்றால் பிரதியை முன்கூட்டியே அரச சபையொன்றுக்கு அனுப்பி அனுமதி பெற வேண்டும் என்ற 1912ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது. அதைவிட முக்கியமான காரணம் வேறு. நாம் கூத்துப் பார்த்து வளர்ந்த கிழக்கு மாகாணத்தார். சட்டம் கொடுப்பதில், அதாவது ஆடுபவர்களுக்கு அவரவர் பகுதியை எழுதிக் கொடுப்பதில் தொடங்கி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (ஒத்திகை), அரங்கேற்றம் வரும்வரை மாதக்கணக்கில் களரியில் பழகுவார்கள். பிழைகளெல்லாம் ஊருக்குள்ளேயே திருத்தப்பட்டுவிடும். கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு விடிய விடிய நின்றாலும், கைதட்டல் ஆடுபவர்களுக்குத்தான். பெரியம்மாவின் இடம் எதுவென்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன். (சேலை கட்டி இராணியாக ஆடிய ஆணுக்குக் காசு குத்தி மகிழ்ந்த ஊர்தான், அதே ஆண் பஸ் தரிப்பிடத்தில் கொஞ்சம் நளினமாக நின்றால் முகம் சுளிக்கிறது. விடியும்வரைதான் நம் பெருந்தன்மை.)

எனவே நாடகத்தை முதலில் உங்களுக்குள் முழுமையாக ஆடிப் பாருங்கள். சிங்களம் பேசும் தம்பி தன் பகுதியைச் சிங்களத்திலேயே சொல்லட்டும். திருகோணமலையில் இரண்டு மொழி கேட்டு யாருக்கும் காது வலிக்காது. பிறகு, ஆளுக்கு ஒருவராக, நம்பிக்கையானவரை அழைத்து வாருங்கள். ஒரு தாய் வரக்கூடும், ஓர் ஆசிரியர் வரக்கூடும். சென்னையில் 2014இல் லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் ஆகியோர் 'பன்மை' நாடகக் குழுவைத் தொடங்கித் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடித்தார்கள். யாழ்ப்பாணத்தில் 2022இல் வீதியிலேயே பெருமை நடைபவனி போனார்கள். அவர்கள் துணிந்தார்கள், நாமும் துணிவோம் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. துணிவு அவரவர் எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். நிதி தருபவரின் நாட்காட்டிக்கு ஏற்ப ஒன்பது பேர் ஒரே நாளில் துணிய முடியாது.

பணத்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் முளைத்த பெயர்ப்பலகைகளை நீங்கள் சிறுமியாகப் பார்த்திருப்பீர்கள். செயற்திட்டங்கள் முடிந்துபோயின, பலகைகள் மட்டும் துருப்பிடித்தபடி நின்றன. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, அதை நம்பி இருந்த குழுக்கள் பல உலகமெங்கும் கதவடைத்தன. வரும் பணம் நின்றாலும் ஞாயிறு கூட்டம் நடக்குமா என்று பார்த்து வாங்குங்கள். வங்கிக் கணக்கை மூவர் பெயரில் திறந்து, எந்த இருவர் கையெழுத்திட்டாலும் எடுக்கலாம் என்று வையுங்கள். நம் ஊர் மாதர் சங்கங்களும் மரணாதாரச் சங்கங்களும் காலங்காலமாகச் செய்வதுதான் இது. முதல் செலவாக, பெரியம்மா இதுவரை பஸ்ஸுக்கும் தேத்தண்ணீருக்கும் கொடுத்ததைக் கொப்பியைப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். வேண்டாம் என்பார். கொடுங்கள்.

கொழும்புக்கு எழுதும் பதிலை நீளமாக்காதீர்கள். எங்களுக்குத் தொடர்பாளர் இருக்கிறார், தலைவி என்று ஒருவரைப் பதிவு செய்யவில்லை, முகம் தெரியும் படங்கள் தரமாட்டோம், நாடகம் தயாரானதும் நாங்களே அழைப்போம். இந்த நான்கையும் ஒன்பது பேருக்கும் இரண்டு மொழிகளிலும் வாசித்துக் காட்டிய பிறகு அனுப்புங்கள். நல்ல அமைப்பாக இருந்தால் புரிந்துகொள்வார்கள். அங்கேயும் நம்மைப் போன்றவர்கள்தானே இருக்கிறார்கள்.

கடைசியாகக் கவிதைகள். சொந்தப் பெயர் இப்போது வேண்டாம். போர்க்காலத்தில் நம் பெண்கள் பலர் புனைபெயரில்தான் எழுதினார்கள், அதனால் கவிதை ஒன்றும் குறைந்துவிடவில்லை. இரண்டாவது கவிதையை நான் யாருக்கும் காட்டவில்லை, நீங்களும் காட்டாதீர்கள். பாலம், பஸ், கறுப்புக் குடை, மூன்று அக்காமார் என்று எழுதியிருக்கிறீர்கள். கின்னியாவில் அந்தப் பெண்ணைத் தெரிந்த எவரும் இரண்டாம் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அது அவருடைய கதை. வெளியிடுவதா, மாற்றுவதா, கிழிப்பதா என்பதை அவர் சொல்லட்டும். முதல் கவிதை நன்றாக இருக்கிறது, அடுத்த இதழுக்கு எடுத்துக்கொள்ளலாம். அதன் கடைசி நான்கு வரிகளில் மட்டும், கவிதை முடிந்த பிறகும் நீங்கள் பேசிக்கொண்டே போகிறீர்கள். அவற்றை வெட்டிவிட்டு, ஒரு புனைபெயரோடு அனுப்பிவையுங்கள்.