வங்கதேசத்தில் பெண் தொழில்முனைவோர் பெருகியதற்குச் சிறுகடன் எப்படி உதவியது?

சிறுகடன் என்றால் அடமானம் கேட்காமல் தொழிலுக்குக் கொடுக்கும் சின்னத் தொகை. வங்கதேசத்தில் நிலம் பெரும்பாலும் ஆண்கள் பெயரில்தான். அடகு வைக்க ஒன்றுமில்லாத பெண்ணை வங்கிகள் திரும்பிப் பார்க்கவில்லை. கைத்தொழில் தெரியும், முதல்தான் இல்லை.

1976-இல் ஜோப்ரா கிராமத்தில் பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் தொடங்கிய முயற்சி 1983-இல் கிராமீன் வங்கியானது. ஐந்து பேர் ஒரு குழு, வாராவாரம் தவணை. தெரிந்தவர் கைமாற்று கேட்டால் பத்திரமா பார்க்கிறோம்? ஆளைத்தானே பார்க்கிறோம், அப்படித்தான்.

என்னை மிகவும் கவர்ந்தவர்கள் 1997-க்குப் பிறகு வந்த ‘டெலிபோன் லேடி’கள். கடனில் ஒரு கைபேசி வாங்கி, ஊராருக்கு நிமிடக் கணக்கில் பேசக் கொடுத்துச் சம்பாதித்தார்கள்.

சரி, கடன் வாங்கிய எல்லோரும் தொழில்முனைவோர் என்று நினைப்பது தவறு. பல வீடுகளில் கடன் அவள் பெயரில், பணம் கணவர் கையில்.