வாசகர் கேட்டவை: ஓநாய் வந்த ஊரும் நம்முடைய பட்டியும்

கேள்வி: அமெரிக்காவில் ஓநாயைக் கொண்டுவந்து காட்டில் விட்டார்களாம், அதனால் ஆறே திசை மாறியதாம் என்று மகன் போனில் வீடியோ காட்டினான். ஆறு கிடக்கட்டும் ஐயா, அங்கே மாடு வைத்திருப்பவன் எப்படிச் சமாளிக்கிறான்? (ஒட்டுசுட்டானில் பட்டி வைத்திருக்கும் வாசகர்)

பதில்: கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஆற்றுக் கதையில் ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் பிடுங்குப்படுகிறார்கள். அந்த வீடியோவில் வரும் யெலோஸ்டோன் பூங்காவில் இருந்த கடைசி ஓநாய்களை 1926இல் கொன்று தீர்த்தார்கள். பிறகு 1995, 1996இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைப் பிடித்துவந்து விட்டார்கள். பூங்காவுக்குள் சிக்கல் இல்லை, வெளியேதான் மாடு மேய்கிறது, ஓநாய்க்கு எல்லைக்கல் தெரியுமா என்ன?

அங்கே மந்தையோடு குதிரையில் ஆள் போகிறான், பெரிய காவல் நாய் வளர்க்கிறார்கள், செத்த மாட்டை உடனே அப்புறப்படுத்துகிறார்கள். கயிற்றில் வரிசையாகச் சிவப்புத் துணித்துண்டு தொங்கவிட்டுப் பட்டியைச் சுற்றிக் கட்டுவதும் உண்டு. ஓநாய் கொஞ்சக் காலம் அதற்குப் பயந்து நிற்கும், பிறகு வெறும் துணிதானே என்று புகுந்துவிடும். நம் யானைகளுக்கு யானைவெடி பழகிப்போன மாதிரித்தான்.

நட்டஈடும் உண்டு. கொலராடோவில் ஒரு மாட்டுக்கு 15,000 டொலர் வரை. ஆனால் ஓநாய்தான் கொன்றது என்று அதிகாரி வந்து பார்த்துச் சொல்ல வேண்டும், பற்றைக்குள் கிடந்த உடலைக் கண்டுபிடிக்கப் பிந்தினால் நிரூபிப்பது பெரும்பாடு. அந்த மாநிலத்தில் ஓநாயைக் கொண்டுவருவதா என்று 2020இல் வாக்கெடுப்பு வைத்தபோது, நகரத்துச் சனத்தின் வாக்கில்தான் மயிரிழையில் வென்றது, ஓநாய் வந்து இறங்கிய மேற்குப் பக்கத்தில் பெரும்பாலானோர் வேண்டாம் என்றார்கள். மொத்த மாட்டுக் கணக்கில் ஓநாய் தின்பது சொற்பம்தான், ஆனால் அந்தச் சொற்பம் முழுக்க ஒரு சிலருடைய பட்டியில் விழுகிறது. ஆசைப்படுவது ஒருவர், இரவில் ரோர்ச்லைட்டோடு முழித்திருப்பது இன்னொருவர் என்றால் எனக்கு அது நியாயமாகப் படவில்லை. யானை விசயத்தில் இதை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

கேள்வி: அந்த ஓநாய் ஆளைக் கடிக்காதா? (கிளிநொச்சி வாசகி)

பதில்: யெலோஸ்டோனில் இத்தனை காலத்தில் ஒருவரையும் தாக்கியதில்லை. ஓநாயிலிருந்து 91 மீற்றராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம் தங்கச்சி. 2018இல் உங்கள் அம்பாள்குளத்துக்குள் சிறுத்தை வந்தபோது நடந்தது ஞாபகம் இருக்கும்தானே, பத்துப்பேர் அளவில் காயப்பட்டு, கடைசியில் சிறுத்தையையும் அடித்தே கொன்றார்கள். அந்த நேரம் சனத்தைத் தள்ளி நிறுத்த ஆள் இருந்திருந்தால் இரண்டு பக்கமும் தப்பியிருக்கும் என்பது என் எண்ணம்.

கேள்வி: எங்களுக்கு நரியே போதும். ஆட்டுக்குட்டியைக் காப்பாற்ற வழி சொல்லுங்கோ. (மாங்குளம் வாசகர்)

பதில்: ஓநாய்க்குச் சொன்னதில் பாதி நரிக்கும் பொருந்தும். குட்டி போடுகிற ஆட்டை இரவில் வெளியே விடாதீர்கள், கொட்டிலின் அடிப்பக்கத்தில் நரி நுழைகிற இடைவெளி இருந்தால் அலம்பல் வைத்து நெருக்கிக் கட்டுங்கள். பசு கன்று போட்டால் இளங்கொடியை ஓலைப்பையில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுகிறோம் அல்லவா, ஆடு குட்டி போட்ட இடத்தை மட்டும் ஏன் அப்படியே விடுகிறோமோ தெரியவில்லை. வாடை பிடித்து நரி வராமல் இருக்க நஞ்சுக்கொடியை ஆழமாகத் தாட்டு, இரத்தம் பட்ட வைக்கோலையும் அன்றைக்கே எரித்துவிடுங்கள்.