வழியில்தானே இருக்கிறது!

கேள்வி: எனக்கு 54 வயது, கணவருக்கு 58. இப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். தை மாதக் கடைசியில் தஞ்சாவூரில் இரண்டு நாள், தரங்கம்பாடியில் இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். கார் ஏற்பாடு செய்தாகிவிட்டது. பிரச்சினை, ஊர் மாறும் அந்த ஒரு நாள்தான். சுவாமிமலை, தாராசுரம், திருபுவனம், மயிலாடுதுறை, வைத்தீஸ்வரன்கோயில், திருக்கடையூர் என்று அவர் ஆறு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறார். எனக்கு முழங்கால் வலி. எதையாவது குறைக்கலாமா என்றால், "எல்லாம் வழியில்தானே இருக்கிறது" என்கிறார். 29 வருடத்தில் எங்களுக்குள் நடந்த பெரிய சண்டைகள் எல்லாமே இப்படிக் காரில் போகும்போதுதான். இந்தத் தடவை சண்டை இல்லாமல் போய்ச் சேர வழி உண்டா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஒரு திருத்தம். வைத்தீஸ்வரன்கோயில் வழியில் இல்லை. மயிலாடுதுறையிலிருந்து அது வடக்கே, சீர்காழிப் பக்கம். நீங்கள் போக வேண்டியது தென்கிழக்கே. இதைச் சண்டையாகச் சொல்லாமல் வரைபடத்தைக் காட்டிச் சொல்லுங்கள், ஒரு கோயில் தானாகவே குறைந்துவிடும்.

மிச்சமுள்ள ஐந்தில் பாதியைக் கடிகாரம் பார்த்துக்கொள்ளும். மதியம் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குப் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க நாலு மணி ஆகும். நானும் என் வீட்டுக்காரரும் ஒருமுறை இதே பக்கம் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று ஓட்டிக்கொண்டு போய், கதவு சாத்திப் பத்து நிமிடம் கழித்து ஒரு கோயில் வாசலில் இறங்கினோம். அந்த மூன்றரை மணி நேரத்தில் நாங்கள் பேசிக்கொண்டது மொத்தம் நாலு வார்த்தை. அதில் இரண்டு, "தண்ணி இருக்கா?" உங்கள் முழங்காலை முன்னால் வைத்தால் அவர் உங்களைச் சமாதானம் செய்யப் பார்ப்பார். நடை சாத்தும் நேரத்தை முன்னால் வைத்தால் யாரைச் சமாதானம் செய்வார்?

தூரம் அதிகமில்லை. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் சுமார் 40 கிலோமீட்டர், அங்கிருந்து மயிலாடுதுறை 35, பிறகு செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாகத் தரங்கம்பாடி 30. எங்கும் நிற்காவிட்டால் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் தை மாதம் அங்கே அறுவடைக் காலம். சாலையோரம் நெல்லும் வைக்கோலும் கிடக்கும், முன்னால் ஒரு டிராக்டர் ஆடி ஆடிப் போகும். போதாததற்குக் கல்யாண முகூர்த்தங்கள். கூடவே ஒரு மணி நேரம் போட்டுக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் நடுவில் ஒரே ஒரு இடத்தில் இறங்குங்கள். தாராசுரம். கும்பகோணம் வருவதற்குச் சற்று முன்னாலேயே வந்துவிடும். காலை எட்டு மணிக்குத் தஞ்சாவூரை விட்டால் ஒன்பதரைக்குள் அங்கே இருக்கலாம். அந்த நேரத்தில் கல் தரை காலைச் சுடாது. இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயில், 12ஆம் நூற்றாண்டு. பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு முதலில் சின்னதாகத்தான் தெரியும். கிட்டே போனால்தான் விஷயம். நாயன்மார் கதைகளை உள்ளங்கை அளவுக் கட்டங்களில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரே தலையை ஒரு பக்கம் யானையாகவும் மறுபக்கம் காளையாகவும் காட்டும் சிற்பம் ஒன்று உண்டு, அதைத் தேடும் வேலையை அவரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் தேர்ச்சக்கரமும் குதிரையும் உள்ள மண்டபத்துப் பக்கம் நிழலில் உட்காருங்கள். இருவரும் எல்லாவற்றையும் சேர்ந்தேதான் பார்க்க வேண்டும் என்று யார் சொன்னது?

அப்புறம் கும்பகோணத்தில் ஒரு காபி, அவ்வளவுதான். திருபுவனத்தில் அவர் கோயிலை மட்டும்தான் எழுதியிருக்கிறார், பட்டு நெசவை எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். கெட்டிக்காரர்.

திருக்கடையூரை விட மனசு வராது என்பார். அவருக்கு 58. அறுபது நிறைந்ததும் சாந்தி செய்ய எப்படியும் அங்கே வரத்தானே போகிறீர்கள்? அதுவரை பொறுக்க முடியாது என்றால், தரங்கம்பாடியிலிருந்து கார் எடுத்தால் கால் மணி நேரத் தூரம்தான். மறுநாள் காலை குளித்துவிட்டுப் போய் வரட்டும்.

இப்போது அவர் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். வேலைக்காலம் முழுக்க லீவு கிடைக்காமல், கிடைத்த இரண்டு நாளில் நாலு நாள் ஊரைப் பார்த்துப் பழகியவர்களின் பட்டியல் இப்படித்தான் இருக்கும். "இனி இந்தப் பக்கம் எப்போது வரப்போகிறோம்" என்ற பயம் அது. வெறுமனே குறைக்கச் சொன்னால் பிடுங்குவதுபோல் இருக்கும். பதிலுக்கு ஏதாவது கொடுங்கள். நான் ஒன்று தருகிறேன்.

உங்கள் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு பழைய கதை ஓடுகிறது. தரங்கம்பாடியில் கோட்டை கட்ட டென்மார்க்காரர்களுக்கு 1620இல் இடம் கொடுத்தவர் தஞ்சை ரகுநாத நாயக்கர். டென்மார்க் அரசருக்கு அவர் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் இருக்கிறது. 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த சுவார்ட்ஸ் பாதிரியார் பிற்பாடு தஞ்சாவூருக்கு வந்து, சரபோஜி மன்னருக்குச் சிறுவயதில் ஆசானாக இருந்தார். அவர் இறந்த பிறகு சரபோஜி லண்டன் சிற்பி பிளாக்ஸ்மேனிடம் சொல்லிச் செய்வித்த பளிங்குச் சிற்பம், பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் குருவின் கையைப் பிடித்தபடி மன்னர் நிற்பார். தஞ்சாவூரில் கடைசி நாள் சாயங்காலம் அதைப் பாருங்கள், திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் அந்தக் கதை தொடங்கிய கடற்கரைக்குப் போகிறீர்கள். ஆறு கோயில் பட்டியலுக்கு ஈடாக இதைக் கொடுத்துப் பாருங்கள். என் அனுபவத்தில், பட்டியல் போடுகிற ஆண்களுக்குக் கதை என்றால் பிடிக்கும், ஊர் திரும்பியதும் நாலு பேரிடம் சொல்லலாமே!

உங்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் "சரி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறியதும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிற வழக்கம் உங்களுக்கு உண்டா? கடிதத்தைப் படித்தால் எனக்கு அப்படித்தான் படுகிறது, ஏனென்றால் நானும் அந்த ரகம்தான். அவர் பட்டியலில் உங்கள் கையால் ஒரு வரி எழுதுங்கள்: "மதியம் 2 மணி, தரங்கம்பாடி, படுக்கை." அதுவும் ஓர் இடம்தான். சுவாமிமலைக்கு இருக்கிற மரியாதை அதற்கும் உண்டு.

தூங்கி எழுந்து நாலரைக்கு மேல் வெளியே வந்தால் போதும். 1792இல் கட்டிய நுழைவாயிலிலிருந்து கடல்வரை ராஜா வீதி ஒரே நேராகப் போகிறது, முழங்காலுக்கு ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு கட்டி 1718இல் திறந்த புதிய எருசலேம் ஆலயம் அந்த வீதியில்தான். அவரது கல்லறையும் உள்ளேயே. கடலோரத்தில் மாசிலாமணி நாதர் கோயில். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் எழுந்தது, முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோட்டைக்குள் நுழைவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதல் சாயங்காலம் அதன் வெளிச்சுவரோரம் உட்கார்ந்தாலே போதும்.

கடலில் சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று அவர் நினைத்திருந்தால், அது கிழக்குக் கடல், உதயம் மட்டும்தான் உண்டு. ஆனால் தேதியை மாற்ற முடிந்தால் பௌர்ணமியன்று போய்ச் சேருங்கள். பின்னால் வெயில் இறங்குகிற நேரத்துக்கே முன்னால் கடலிலிருந்து நிலா எழும்பும். தைப்பூசத்தை ஒட்டி என்றால் சுவாமிமலையில் கூட்டம் தாங்காது, பட்டியலிலிருந்து அதை எடுக்க அதுவே சாக்கு.

ஒரு சின்ன எச்சரிக்கை. கும்பகோணம்போல ராத்திரி பத்து மணிக்கு டிபன் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தரங்கம்பாடி சீக்கிரம் அடங்கிவிடுகிற ஊர். தங்கும் இடத்தில் இரவுச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே போன் செய்து சொல்லிவிடுங்கள். அந்த போனை அவரே செய்யட்டும், "இரண்டு மணிக்கு வந்துவிடுவோம்" என்று அவர் வாயாலேயே சொன்ன மாதிரியும் ஆகும்.